உப்பும் துத்தமும்

ஆரணியில் கடல் கிடையாது. கிழக்கே பஸ் ஏறி இடுப்பு ஒடிய உட்கார்ந்த பிறகுதான் உப்புக்காற்று முகத்தில் படும். அப்படிப்பட்ட ஊரில், பட்டுக்குச் சாயம் போடும் தரணேந்திரன் வீட்டுக் கூடத்தில் உயிருள்ள பவளம் வளர்ந்தது என்றால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. வளர்த்தது அவர் மனைவி சக்ரேஸ்வரி. பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர்.

எண்பத்தொன்றாம் வருஷம், தெற்கே மண்டபம் என்ற கடலோர ஊரில் கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவள் தம்பி, மூடி போட்ட வாளியில் இரண்டு பவளத் துண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான். "அக்கா, இது கல்லு இல்ல, உயிரு. தண்ணி கொஞ்சம் மாறினாலும் செத்துப்போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். சக்ரேஸ்வரிக்கு அந்த வார்த்தைதான் பிடித்தது.

கண்ணாடித் தொட்டி செய்ய வைத்தாள். களம்பூர் மில்லிலிருந்து மதராசுக்கு அரிசி ஏற்றிப் போகும் லாரி டிரைவர் வீரன், காலி வண்டியோடு திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து வந்தான். அவன் மகள் டீச்சரிடம் படித்தாள். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றினால் உப்பு ஏறும். தெருக்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஈடு கட்டுவாள். பவளம் தன் எலும்பைக் கட்ட சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும். சுண்ணாம்புத் தெளிவை ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். வாராவாரம் பழைய தண்ணீரில் பாதியை இறைத்துக் கொல்லைச் சுவரோரம் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் கல்லின் மேலெல்லாம் மெல்லிய விரல்கள் விரியும். அதைப் பார்த்துக்கொண்டு சோற்றை மறந்து உட்கார்ந்திருப்பாள்.

முதலில் தரணேந்திரனும் பக்கத்தில் வந்து நின்றார். சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர், எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு நடக்கிறவர். "வாயில்லா ஜீவன், பாத்துக்கோ" என்பார். பிறகு மழை பொய்த்தது. கொல்லைக் கிணறு அடிமட்டத்துக்குப் போனது. அந்தக் கிணற்றை நம்பித்தான் பின்கட்டில் அவருடைய சாயப்பட்டறை இருந்தது. எப்போதிலிருந்து அவர் கூடத்துக்கு வருவதை நிறுத்தினார் என்று சக்ரேஸ்வரி கவனிக்கவில்லை. குளிக்கையில் தலையில் சோப்பு நுரைக்காததை, வறட்சி என்று விட்டுவிட்டாள். பட்டறையில் வேலை செய்யும் சடையன் ஒருநாள் அவள் காதுபடவே, "கடலக் கொண்டாந்து வூட்டுல வச்சிகினு இருந்தா வூடு எப்பிடி உருப்படும்?" என்று முணுமுணுத்தான். அவள் சிரித்துக்கொண்டே பள்ளிக்குப் போனாள்.

எண்பத்துமூன்று கோடையில் ஒருநாள் விரல்கள் விரியவில்லை.

உப்பு சரியாக இருந்தது. சுண்ணாம்பு சரி. காரம் சரி. சூடு சரி. பெரிய துண்டின் ஓரத்தில் சளி மாதிரி ஏதோ கட்டித் தொங்கியது. வீரன் கொண்டுவந்த தண்ணீரை மாற்றினாள், பவளம் தேறியது. கொஞ்ச நாளில் மறுபடி சுருங்கியது. மறுபடி மாற்றினாள், தேறியது, சுருங்கியது. நோய் என்றால் இப்படி விட்டுவிட்டு வராது. யாரோ வந்து போகிற மாதிரி இருந்தது அது.  அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போது ஒருமுறை திரும்பித் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு பெரிய பாத்திரம் தொட்டித் தண்ணீரைச் சுண்டவைத்து, படிந்த உப்பை வடிகட்டி, மிஞ்சிய கரண்டியளவு நீரைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதித்தாள். வருஷாவருஷம் பெண்களுக்குச் செய்து காட்டுகிற சோதனைதான். பெர்ரோசயனைடு சொட்டு விழுந்ததும் சோதனைக் குழாயின் அடியில் சாக்லேட் நிறத்தில் வண்டல் இறங்கியது. தாமிரம். கேன் தண்ணீரிலும் தெருக்குழாய்த் தண்ணீரிலும் அது இல்லை. தாமிர உப்பான மயில்துத்தம் சாயப்பட்டறை அலமாரியில் இருந்தது. வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

பகல் வெயிலில் நேராகப் பட்டறைக்குப் போனாள். சடையன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே நழுவினான். அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. தரணேந்திரன் திரும்பவில்லை.

"தொட்டியில துத்தம் போட்டீங்களா?"

"போட்டேன்."

மறுப்பார் என்று நினைத்து வந்திருந்தாள். கையிலிருந்த சோதனைக் குழாயைக் காட்டக்கூட வேலை இல்லாமல் போனது.

"உயிருன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார். குரல் உயரவில்லை. கொடியிலிருந்து ஒரு பட்டு நூல்கழியை உருவி அவள் முன்னால் விரித்தார். அரக்கு நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்து, நடுநடுவே பிசின் ஒட்டி, பளபளப்பே இல்லாமல் கிடந்தது. "சோப்புத் தண்ணில அவிச்சாதான் பட்டோட பிசின் போவும். சோப்ப போட்டா பாலு திரியற மாதிரி திரியுது. ஒவ்வொருத்தரா நூல திருப்பி எடுத்துகினு போயிட்டாங்க. அது வந்தப்புறந்தான் எல்லாம். அது போனா சரியாயிடும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீ எங்க என்னப் பாத்த? தொட்டியத்தான பாத்துகினு இருந்த."

 சக்ரேஸ்வரி அண்டா பக்கம் குனிந்து, ஒதுக்கி வைத்திருந்த சோப்புத் தண்ணீரை விரலால் தொட்டாள். பிசுபிசுவென்று வெள்ளைத் திப்பி. குளிக்கையில் நுரைக்காத சோப்பு அவளுக்கு நினைவுக்கு வந்தது. வாளியில் கிணற்றுத் தண்ணீர் மொண்டுகொண்டு பள்ளிக்கே திரும்பினாள். வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு. குழாய் முழுக்கத் தயிர் உறைந்தது போல வெளுத்தது.

உப்பு. அதோடு சோப்பைத் திரிக்கிற கடலின் மற்ற சத்துகளும். கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் வாராவாரம் கொட்டிய கடல், சுவருக்கு அந்தப் பக்கம் வற்றிக்கிடந்த கிணற்றில் ஊறி இறங்கியிருந்தது. ஒரு தொட்டிக்குள் இருந்த தண்ணீரின் ஒவ்வொரு சொட்டையும் அளந்தவள், தொட்டியை விட்டு வெளியே போன தண்ணீரை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவரிடம் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். அவர் கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்ப சடையன் சொன்னது சரிதானா?"

"வீட்டுல வச்சதால இல்லங்க. கொட்டின எடந்தான் தப்பு. நான்தான் யோசிக்கல."

"உன்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஒரு உயிர கொன்ன பாவம் இல்லாம போயிருக்கும்" என்றார். 

பவளம் பிழைக்கவில்லை. சின்னத் துண்டு முதலில் வெளுத்தது. அது அழுகித் தண்ணீரைக் கெடுத்ததில் பெரியதும் போயிற்று. சக்ரேஸ்வரி தொட்டியைக் காலி செய்து, அந்தத் தண்ணீரை வீரனின் லாரியிலேயே கேன்களில் திருப்பி அனுப்பினாள்.  ஐப்பசியில் மழை கொட்டிக் கிணறு நிறைந்தும் சோப்பு திரிவது நிற்கவில்லை. தரணேந்திரன் பட்டறையை மூடிவிட்டு, ஊரின் மறுகோடியில் இன்னொருவர் பட்டறைக்கு வேலைக்குப் போனார். தினமும் கை நிறையச் சாயத்தோடு திரும்பி வந்தார்.

இருவரும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. ஆனால் காலையில் அவர் காப்பி கலந்து நீட்டும்போது, சக்ரேஸ்வரியின் கண் தன்னையறியாமல் டம்ளருக்குள் ஒரு நொடி போய் வந்தது. அவள் அதை நிறுத்த எவ்வளவோ பார்த்தாள், முடியவில்லை. அவர் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரே பாத்திரத்திலிருந்து அவள் கண் முன்னாலேயே இரண்டு டம்ளரிலும் ஊற்றுவார். தனக்கு வேண்டிய டம்ளரை அவளையே எடுக்கச் சொல்வார். மீதி டம்ளரைத் தூக்கி, முதல் வாயை அவர் குடிப்பார்.