மாமாவின் இலக்கம்

எங்கள் வீட்டுக்குக் கைத்தொலைபேசி வந்தது யுத்தம் திரும்பத் தொடங்கிய வருஷத்தில்தான். அம்மாவின் ஒரே தம்பியான மாமா, புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை அம்மாவிடம் கொடுத்தார். கொட்பே மீன்பிடித் துறையில் வள்ளங்களின் இஞ்சின் திருத்துவது அவருடைய வேலை. போகிற வழியெல்லாம் சோதனைச்சாவடிகள். அவர் போய்ச் சேர்ந்தது தெரியும்வரை அம்மாவுக்குக் குசினியில் சமைக்கக் கை ஓடாது.

பேசினால் காசு போகும். மணியடிக்கவிட்டு வெட்டினால் போகாது. இது தெரிந்ததும் ஒன்பது வயதான நான் ஒரு பாஷையே உண்டாக்கிவிட்டேன். ஒரு மணி அடித்தால் 'போய்ச் சேர்ந்திட்டன்'. இரண்டு அடித்தால் 'வெளிக்கிட்டிட்டன், வாறன்'. மூன்று அடித்தால் 'மருமகளுக்கு ஏதோ வாங்கியிருக்கிறன்'. இந்த மூன்றாவதை மட்டும் மாமா வசதியாக மறந்துவிடுவார்.

ஒரு பின்னேரம் தொலைபேசியில் இரண்டு மணி அடித்து நின்றது. அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தார். மாமா வரவில்லை. மறுநாள் அப்பா மாமாவைத் தேடி இராணுவ முகாம் முகாமாகப் போய்வந்தார். "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையாம்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு மாமாவின் இலக்கத்தை அழுத்துவது என் வேலையாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு பெண்குரல், நீங்கள் அழைத்த இலக்கத்தைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் சொல்லும். அம்மா மூன்றையும் கடைசிவரை கேட்பார்.

"தற்போது எண்டுதானே சொல்லுறாள்" என்பார் அப்பாவிடம். அப்பா முற்றத்துக்குப் போய்விடுவார்.

என் ஆராய்ச்சியெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். அவள் எங்கே இருந்து பேசுகிறாள்? நித்திரையே கொள்ளமாட்டாளா? விடியற்காலையில் எடுத்துப் பார்த்தேன். ஊரடங்கு நேரத்திலும் எடுத்துப் பார்த்தேன். குறுக்கே பேசினாலும் அவள் நிறுத்தவில்லை. தமிழ் விளங்கவில்லையாக்கும் என்று, நாங்கள் நானா என்று கூப்பிடும் சந்திக் கடைக்காரரிடம் சிங்களத்தில் ஒரு வசனம் கேட்டுப் பாடமாக்கினேன். "மகே மாமா கோ?" என்றால் 'என் மாமா எங்கே?' யாரிடம் கேட்கப்போகிறாய் என்று நானா கேட்கவில்லை. ஒரு இனிப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

மாரி மழை முடிந்த பிறகு, ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து வழக்கம்போல் எடுத்தேன். மறுமுனையில் மணியடித்தது.

"அம்மா, அடிக்குது!"

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். ஒரு பெண் "ஹலோ" என்றாள். அவளுக்குப் பின்னால் குழந்தையொன்று சிணுங்கியது. அந்தப் பெண்தான் ஒருவழியாக மனமிரங்கிவிட்டாள் என்று நினைத்து என் வசனத்தைச் சொன்னேன். அவள், யார் பேசுவது மகளே என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள். அம்மா தொலைபேசியை வாங்கி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை என்னிடமே திருப்பித் தந்தார்.

"ஆரம்மா அது?"

"ஆரோ ஒரு பிள்ள. புதுசா சிம் வாங்கினதாம். மாமாட நம்பர அதுக்குக் குடுத்திட்டாங்கள்."

"அதுக்கென்ன? மாமா வந்து வேற நம்பர் எடுப்பார்தானே."

அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். இத்தனை மாதம் எடுபடாத இலக்கத்துக்கு அழாதவர், எடுபட்ட அன்றைக்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அழவேண்டாம், நாளைக்கும் எடுத்து அந்தப் பெண்ணிடமே இன்னொருதரம் கேட்டுப் பார்க்கலாம் என்று அவரைத் தேற்றினேன்.