ஒரு வால்வுக்கு ஒன்பது பேர்

பாலக்காட்டில் ஒரு டாக்டர் சொன்னதைக் கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டர் திருப்பிச் சொன்னால்தான் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் அது நோய். என் வீட்டுக்காரருக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று பாலக்காட்டில் சொல்லி இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம். வேன் பிடித்து ஒன்பது பேர். நோயாளி ஒருவர், மற்ற எட்டுப் பேரும் நிபுணர்கள். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறவன் நாதியற்றவன்.

அங்கே ஆஞ்சியோகிராம் எடுத்ததில் புது வில்லங்கம். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றிலும் அடைப்பு. டாக்டர் பொறுமையாக விளக்கினார். நெஞ்சைத் திறந்தால் வால்வை மாற்றும்போதே அடைப்புக்கு பைபாஸும் செய்துவிடலாம். திறக்காமல் தொடை வழியாக வால்வு வைப்பதென்றால், அடைப்புக்கு ஸ்டென்ட் வேண்டுமா, மாத்திரை போதுமா என்று தீர்மானிக்க வேண்டும். அடைப்பு நடுத்தரமாக இருப்பதால், அவர் என்ன சிரமப்படுகிறார் என்பது தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

என் கொழுந்தனார் முந்திக்கொண்டார். "ஏனுங்க டாக்டரு, போர்ல இருந்து மோட்டார மேல எடுத்துட்டா, பைப்பையும் சேத்து மாத்தீர்றதுதானுங்களே மொறை?" சொன்னவர் தன் தோட்டத்து மோட்டாரை இரண்டு முறை ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளேயே தொலைத்தவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நடக்கும்போது நெஞ்சு வலிக்குதாங்க?" என்று கேட்டார்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தெனமும் தோட்டத்தச் சுத்தி வர்றனுங்க."

பங்காளிகள் காதில் நெஞ்சுவலி என்று விழுந்தால், வைத்தியச் செலவுக்குத் தோப்பை விற்கப்போகிறார் என்று ஊரில் பேச்சாகிவிடும் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். பேசக்கூடியவர்கள் அத்தனை பேரும் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"மாப்ள இரும்புங்க" என்று என் அண்ணன் வேறு சான்றிதழ் கொடுத்தார். டாக்டர் பேனாவை எடுத்தார். மாடிப்படி ஏறியதும் அந்த இரும்பு, நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வலியில்லை என்று எழுதிவிட்டால் அடைப்பை அப்படியே விட்டுவிடுவார்களே.

"எல்லாரும் போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. "போங்கங்கறேன்!" என்று கத்தினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியேறினார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், இனிமேலாவது மனுஷன் வாயைத் திறப்பார் என்று.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீயும் செத்த வெளிய இரு, புள்ள."

வெளியே நின்றேன். உள்ளே அவர் பேசிக்கொண்டே இருந்தார். வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுவதை அங்கே ஒரே மூச்சில் பேசியிருப்பார்.

பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஒரு வருஷமாவே வலி இருக்காம்மா. பைபாஸும் சேத்தே பண்ணிடலாம். ஏன் வீட்ல சொல்லலைன்னு கேட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு சொன்னார்."

வெட்கமாக இருந்தது. திட்டித்தான் இருப்பேன்.