முப்பது-முப்பதுக்கு வைத்த சந்தனம்

"அதுல அப்பிடி என்ன கண்ணு இருக்குது?"

ஈரோட்டிலிருந்து வீடியோ காலில் அம்மா கேட்டது இது. நான் திரைக்கு முன்னால் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தது, சுட்ட பிறகு மிஞ்சும் ஒரு தோட்டாவின் பித்தளைக் கூடு. சுண்டுவிரல் நீளம் இருக்கும். மென்பொருள் சோதிப்பது என் வேலை. ஒன்று ஏன் நடந்தது என்று கேட்டால் காரணம், சான்று, படம் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கப் பழகியவள். அம்மாவின் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் எழுத வரவில்லை. பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஏன் என்றுதான் தெரியவில்லை.

நான் பயந்த சுபாவமுள்ள அம்மா. மகளுக்கு ஐந்து வயதாகும் வரை திராட்சையை நான்காக நறுக்கித்தான் கொடுத்தேன். காரில் அவள் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கிளம்பிய பிறகு ஓரங்கட்டி மூன்றாவது முறையும் பார்த்திருக்கிறேன். டெக்சாஸில் காப்பெல் என்ற ஊருக்குக் குடிவந்ததும் புதிதாக ஒரு பயம் சேர்ந்தது. இவள் விளையாடப் போகும் வீடுகளில் துப்பாக்கி இருக்குமோ? கேட்கக் கூச்சமாக இருந்தது. சரி, எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று, கிரீன் கார்டு கைக்கு வந்த வருடம், விதிமுறைகளை மூன்று தடவை படித்துவிட்டு, பெண்களுக்கான சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தவருக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் ஒரு கறுப்பு நவீன ரைஃபிளைத் தந்தார். இரண்டு குண்டு சுட்டதுமே போதும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே மரக்கட்டை வைத்த பழைய ரைஃபிள் ஒன்றை எடுத்து வந்தார். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட கூடு வெளியே குதிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். அந்த 'சளக்-சளக்' கேட்ட மாத்திரத்தில் என் தோள்கள் இறங்கின. சுட்டேன். கூட்டமான பஸ்ஸில் ஏறும்போது பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவாரே, அந்த அளவு தள்ளு. நூறு கெஜத்துக்கு அப்பால் தொங்கிய இரும்புத் தகடு 'டங்' என்றது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் எதற்கும் காரை ஓரங்கட்டவில்லை.

அந்த ரைஃபிளின் தோட்டாவுக்குப் பெயர் முப்பது-முப்பது. முதல் முப்பது, குண்டின் விட்டம்: ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு. இன்னொரு முப்பது, ஆரம்ப காலத்தில் அதில் நிரப்பிய வெடிமருந்தின் எடை. கிரெயின் என்ற பழைய அளவில் சொல்வார்கள். நூறு வருடங்களுக்கு மேலாக அதே உருவம். அடியில் ஒரு விளிம்பு, மேலே போகப்போக ஒடுங்கும் கழுத்து, நுனியில் மழுங்கிய மூக்கு. அந்த மூக்கின் மேல்தான் எனக்குத் தனிப் பிரியம். ரைஃபிளின் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கிறது. தோட்டாக்கள் அதற்குள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னால் இருப்பதன் அடியில், வெடியைக் கிளப்பும் இடத்தில், பின்னால் இருப்பதன் மூக்கு இடித்துக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் விபரீதம். அதனால் மழுக்கிவிட்டார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் கத்தரிக்கோலின் முனையை வட்டமாக்கிய மாதிரி. இதை முதன்முதலில் யோசித்தவர் வீட்டில் நிச்சயம் யாரோ கவலைப்படும் ஆள் இருந்திருப்பார்.

நான் சுடப் பழகும் ரேஞ்சில் கேலி செய்வார்கள். தொலைவு போகாது, இருநூறு கெஜம் தாண்டினால் குண்டு தலையைத் தொங்கப் போட்டுவிடும் என்பார்கள். உண்மைதான். காட்டுக்குள் மானுக்காக வந்த தோட்டா இது. நான் சுடுவதோ காகிதத்தையும் தகட்டையும். என் நூறு கெஜத்துக்கு அது தாராளம். டெக்சாஸில் எந்தச் சின்ன ஊரில் நிறுத்தினாலும், நாய்த் தீனியும் தூண்டில் புழுவும் விற்கும் கடையில்கூட முப்பது-முப்பது பெட்டி இருக்கும். இந்த ரைஃபிள்களிலேயே இரண்டு குலம் உண்டு. ஒன்று கூட்டைப் பக்கவாட்டில் எறியும், மற்றது தலைக்கு மேல் எறியும். நான் இரண்டாவது கட்சி. ஒரு முறை சூடான கூடு என் சட்டைக் காலருக்குள்ளேயே விழுந்தது. கட்சி மாறவில்லை.

என்னைவிட வயதில் மூத்த ஒன்றைத் தேடி வாங்கினேன். வாங்குவதற்கு முன்பே இரும்பு சேஃப் வாங்கி, விருந்தினர் அறை அலமாரியில் தரையோடு திருகிப் பொருத்தியாயிற்று. தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். இந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல முடிந்தது வேறொன்று. என் மகளுக்கு ஒரே ஒரு தோழி. இவள் வகுப்பில் வாயே திறக்காத ரகம். இரண்டாம் வகுப்பு ஆரம்பித்தபோது மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்தவளின் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்த பெண் அது. சென்னைக் குடும்பம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வரும். வீட்டில் ரைஃபிள் இருக்கிறது என்று அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். சொன்னால் அனுப்ப மாட்டார் என்ற பயம்.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் கொலு வைக்கிற வழக்கம் இல்லை. ஆயுத பூஜைதான் தடபுடல். கார்களுக்கு, லேப்டாப்புக்கு, மிக்சிக்கு எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். என் கணவர் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தார்.

"ஊர்ல எல்லாரும் ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் பொட்டு வெக்கறாங்க. நெஜமான ஆயுதம் வெச்சிருக்கறது நீ ஒருத்திதான். அதை விட்டுட்டா சாமி கோவிச்சுக்காதா?"

"கிண்டலா?"

"சீரியஸாத்தான் சொல்றேன். வாஷிங் மெஷினுக்கே வெச்சாச்சு."

சேஃபைத் திறந்து, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று வழக்கம்போல இரண்டு முறை பார்த்துவிட்டு, ரைஃபிளின் உலோகப் பக்கத்தில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவே குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. வெளியே வைக்கவும் கூடாது, அது என் சட்டம். இரண்டு சட்டத்துக்கும் ஒத்துவருமாறு ஈரச் சந்தனத்தோடு உள்ளே வைத்துப் பூட்டி, சேஃப் கதவுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

சாயங்காலம் தோழியின் அம்மா பெண்ணைக் கூட்டிப்போக வந்தார். பொரியும் சுண்டலும் கொடுத்தேன். என் மகளுக்கு ஏக உற்சாகம். "ஆன்ட்டி, கம் சீ ஆல் த பொட்டுஸ்!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஃப்ரிட்ஜ், அடுப்பு, தானாக ஓடும் துடைப்பம் என்று எல்லாவற்றையும் காட்டி முடித்து, விருந்தினர் அறை அலமாரியையும் திறந்துவிட்டாள்.

"என்னங்க, லாக்கருக்குமா? உள்ள நகையா?" என்று அவர் சிரித்தார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் மகள், "நோ ஆன்ட்டி, தட்ஸ் அம்மாஸ் ரைஃபிள்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் பெண்ணின் ஷூவைத் தேடி எடுத்தார். பொரிப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார், அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நீச்சல் வகுப்பு என்று செய்தி வந்தது. அதற்கடுத்த வாரம் உறவினர்கள் வருகிறார்கள் என்று. மூன்றாவது வாரம் செய்தியே இல்லை. காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு மகள், "டிட் ஐ டூ சம்திங், அம்மா?" என்று கேட்டாள். அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான், நான் பல மாதங்களாகச் சொல்லாததைச் சொன்னாள்.

அன்றுதான், பூஜைக்குப் பிறகு முதன்முறையாகச் சேஃபைத் திறந்தேன். இத்தனை நாளாக அதன் பக்கம் போகவே மனம் வரவில்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அதற்கு அடியில் மூன்று கோடு துரு. எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் வைத்து மெதுவாகத் தேய்த்தேன். துரு போனது, அந்த இடத்தில் இருந்த நீலக் கறுப்பு மெருகும் கூடவே போனது. கையைக் கழுவிவிட்டு நேராகத் தோழியின் வீட்டுக்கு, அவள் அம்மாவைப் பார்க்க நடந்தேன்.

கதவைத் திறந்து, "வாங்க" என்றார். உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"எவ்ளோ நாளா வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு வருஷமாங்க. பூட்டித்தான்..."

"பூட்டு பத்தி நான் கேக்கல. பீநட் அலர்ஜி இருக்கான்னு மூணு வாட்டி மெசேஜ் பண்ணீங்க. ஸ்க்ரீன் டைம் எவ்ளோ ஓகேன்னு கேட்டீங்க. ஊஞ்சல் எவ்ளோ ஹைட்டுன்னு போட்டோ அனுப்பி பர்மிஷன் கேட்ட ஆள் நீங்க. இத மட்டும் எப்டிங்க விட்டீங்க?"

"சொன்னா அனுப்ப மாட்டீங்கன்னு பயந்துட்டேனுங்க. எங்க பாப்பாவுக்கு உங்க பொண்ணை விட்டா யாருமில்ல."

"அனுப்பறதா வேணாமான்னு நான்தானே டிசைட் பண்ணணும்? எனக்கும் சேத்து நீங்களே டிசைட் பண்ணிட்டீங்க."

தப்புத்தான் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். எப்படிப் பூட்டுகிறேன், சாவி எங்கே, தோட்டா எங்கே என்று அவர் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், "நெஜமாவே அதுக்குப் பொட்டு வெச்சீங்களா?" என்றார்.

"வெச்சேனுங்க. துருப் பிடிச்சிருச்சு."

"என்னது?"

"மூணு கோடு. பட்டை போட்ட மாதிரி."

வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை. "ஐயோ! சிவப்பழமா ஆயிடுச்சா உங்க துப்பாக்கி!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் காபி வந்தது.

வாசல் வரை வந்து, "அனுப்பறேன்னு நான் இன்னும் சொல்லலங்க. எங்க வீட்டுக்காரர் கிட்டயும் பேசணும். மொதல்ல நான் வந்து என் கண்ணால பாக்கறேன்" என்றார். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார். அவர் மட்டும்.

ரைஃபிளை விற்றுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். விற்க மாட்டேன். விற்றால் பயந்து விற்றதாகத்தான் இருக்கும், நான் பயந்து செய்தது எதுவும் இதுவரை சரியாக அமைந்ததில்லை. ஆனால் அந்தக் குழந்தை திரும்ப வர வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு சனிக்கிழமையைக் கடந்து வந்த அம்மாக்கள், அப்பாக்கள் இருந்தால் சொல்லுங்கள். சேஃபைத் திறந்து காட்டட்டுமா, பூட்டியபடி காட்டினால் போதுமா? ரேஞ்சிலேயே வாடகை லாக்கர் இருக்கிறது. அங்கே வைத்துவிடுகிறேன் என்று நானாகச் சொல்வதா, அவர் கேட்கும் வரை பொறுப்பதா? அந்த ஒரு மணி நேரம் என் மகள் கூட இருக்கட்டுமா, அவள் அப்பாவோடு பூங்காவுக்கு அனுப்பிவிடவா? வியாழக்கிழமைக்குள் எழுதினால் உபகாரமாக இருக்கும். வெள்ளிக்கிழமை நான் எப்படியும் முடிவை இரண்டு முறை மாற்றுவேன்.