வண்டியை அணைத்த பிறகு

என் அக்காவின் கணவர் மெக்கானிக். அதே பட்டறையில் நான் பெயின்டர். மாமாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ராத்திரி பட்டறையில் நிற்கும் வண்டி எதுவானாலும் பேட்டரி வயரைக் கழற்றாமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். முன்பு வேலை பார்த்த இடத்தில் வயர் உரசி ஒரு வண்டி எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். நாங்கள் எவ்வளவு கிண்டல் செய்தாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

அந்த வாரம் அவர் உயிரை வாங்கியது ஒரு டீசல் கார். புகையைச் சுத்தம் செய்ய யூரியாத் தண்ணீரை சைலன்சர் குழாய்க்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதில் அடைத்துக்கொண்டது. புதிதாக ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்த்தார், நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கழற்றிப் பார்த்தால் வாய் முழுக்க வெள்ளை உப்பு. இன்னொன்று மாட்டினார். அதுவும் அதே கதை.

“அண்ணே, இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது. உங்க எடத்துக்கு வேற ஆள்தான் பாக்கணும்,” என்றார் முதலாளி. மாமாவைவிட வயதில் சின்னவர். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவதை மாட்டி முடித்தபோது ராத்திரியாகிவிட்டது. மாமாவுக்கு முட்டி மடங்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து வண்டியை அணைத்தார். வழக்கமாக உடனே இறங்கி பேட்டரி வயரைக் கழற்ற பானெட்டைத் திறப்பவர், அன்று எழ முடியாமல் சீட்டிலேயே கண்ணை மூடிக் கிடந்தார். பாவமாக இருந்தது. வண்டியின் பின்பக்கம் ஏதோ சின்ன மோட்டார் ஓடுவது கேட்டது.

“வண்டி ஆஃப்தானே மாமா? என்ன சத்தம் அது?”

அது தானாக நிற்கும்வரை அவர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பம்ப்புடா. குழாயில மிச்சம் இருக்கிற யூரியாத் தண்ணிய டேங்குக்கே திருப்பி இழுக்குது. நான் உடனே வயர கழட்டி அத பாதியிலயே நிறுத்தியிருக்கேன். தண்ணி உள்ளயே நின்னு காய்ஞ்சு உப்பாயிடுச்சு. ரெண்டையும் கெடுத்தது நான்தான்.”

“சொல்லித் தொலைக்காதீங்க மாமா. பார்ட்டு மட்டம்னு சொல்லிட்டுப் போங்க.”

பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. நேராகப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

முதலாளி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மத்தியானமே தெரிஞ்சிருந்தா… இதுவும் போயிடும்னு நெனச்சு நாளைக்கு வேற ஆள வரச் சொல்லிட்டேண்ணே.”

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

“வரட்டும். காலையில நானும் வர்றேன். அந்த விளக்கு எரியாம இருக்கான்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்.”