லேடிலுக்கு வைத்த பொட்டு

அந்தச் செங்கல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. லேடிலிலிருந்து பெயர்த்து எடுத்த, நெருப்பைத் தாங்கும் செங்கல். வைக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பருமனாக இருந்தது. பெயர்த்தபோது கரைந்துபோன சோப்புக் கட்டி மாதிரி ஆகி, ஓரிடத்தில் அப்பளத்தின் பருமனுக்குத்தான் மிச்சமிருந்தது. அதன் முகத்தில் கறுப்புக் கண்ணாடியைப் பூசியது போன்ற பளபளப்பு. அந்த அப்பளத்துக்கு உட்பக்கம் உருகிய எஃகு. வெளிப்பக்கம் எங்கள் மாமா.

மாமா என்றால் அக்காவின் கணவர். எழுபதுகளில் காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு சிறிய எஃகு வார்ப்பாலை இருந்தது. நான் அங்கே பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். மாமாவுக்கு லேடிலுக்குக் கல் பாவுகிற வேலை. உலையில் உருகிய எஃகை ஏந்தி வந்து அச்சில் ஊற்றுகிற பெரிய இரும்பு வாளிதான் லேடில். வெறும் இரும்பில் ஊற்றினால் வாளியும் சேர்ந்து உருகிவிடும் என்பதால் உள்ளே சுற்றிலும் கல் அடுக்குவார்கள். "அவருக்குப் பாவு வேலை" என்று அக்கா சொல்லப்போக, மாமா எங்கோ தறிக்குப் பட்டுப் பாவு ஓட்டுகிறார் என்றே எங்கள் தறிக்காரத் தெருவில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கேட்டால் மாமா சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

எனக்கோ எஃகைவிடக் கசடின் மேல்தான் பயமும் மரியாதையும். பால்மேல் ஆடை மாதிரி எஃகின் மேல் மிதந்து, சூட்டைக் காத்து, அழுக்கையெல்லாம் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அது இல்லாமல் நல்ல எஃகு கிடையாது. ஆனால் அதில் சுண்ணாம்பு அதிகம். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் என்ன பாடுபடும்? கல்லுக்கும் அதே கதிதான். கெட்டியாக இருக்கிறவரை கசடு சாது. இளகி நீர்த்துவிட்டால் கல்லின் இடுக்குகளில் புகுந்து கரைக்கத் தொடங்கும். லேடிலில் கசடு நிற்கிற மட்டத்தில்தான் கல் முதலில் தேயும்.

ஆயுத பூஜைக்கு ஆலையில் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். அந்த வருஷம் அக்கா சந்தனமும் குங்குமமும் குழைத்து, ஆறிக்கிடந்த லேடிலின் வெளித்தகட்டில் கையளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள் விஜயதசமி. காலையில் முதல் வார்ப்பைப் பார்க்கப் பெண்களெல்லாம் கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். உலை சாய்ந்து எஃகு லேடிலில் இறங்கியபோது கொட்டகை முழுவதும் வெளுத்துப்போனது. அதை எத்தனையோ முறை பார்த்தவன்தான், அன்றும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கசடு மட்டும் மோர் மாதிரி நீர்த்து வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கிரேன் லேடிலைத் தூக்கிவந்து அச்சுக்கு மேல் நிறுத்தியது. ஆட்கள் எல்லாரும் ஊற்றுகிற பக்கம் இருந்தார்கள். எங்களுக்கு லேடிலின் முதுகு தெரிந்தது.

அக்கா என் கையைத் தட்டினாள். "பாருடா, நேத்து நான் வச்ச பொட்டு அப்டியே இருக்குது."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. ராத்திரி முழுக்க உள்ளே தீ மூட்டிக் காயவைத்த லேடிலில் குங்குமம் எப்படி இருக்கும்? அது எப்போதோ கருகி உதிர்ந்திருக்கும். மேலே, கசடு நிற்கிற மட்டத்தில், தகடு சிவந்துகொண்டிருந்தது. உள்ளே கல் அரித்துப்போய்விட்டது.

கயிற்றைத் தாண்டி ஓடினேன். "மாமா, பின்பக்கம் செவக்குது."

மாமா வந்து ஒரு பார்வை பார்த்தார். லேடிலின் அடித் துளையைத் திறந்து எஃகை ஊற்றுகிற ஆளிடம், "தெறந்து விடுப்பா. மூடாத. மட்டம் கீழ எறங்கட்டும்" என்றார். எஃகு அந்தச் சிவப்புக்குக் கீழே இறங்கிவிட்டால் பிழைத்தோம். அதற்குள் தகடு பிய்த்துக்கொண்டால், எதிரில் நிற்கிறவர் எலும்புகூட மிஞ்சாது. எதிரில் நின்றது அவர்தான். காற்றுக்குழாயை இழுத்துவந்து சிவப்பின்மேல் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கையெட்டும் தூரத்தில் சூரியனை வைத்துக்கொண்டு நிற்கிறவரை நான் அன்றுதான் பார்த்தேன். அக்காவின் விரல்கள் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தன.

சிவப்பு மெதுவாக மங்கியது, பிறகு கறுத்தது. அச்சு நிறைந்தது. மாமா குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். புருவம் பொசுங்கியிருந்தது.

"இதத்தான் தெனமும் பண்ணிக்கினு இருக்கீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"தெனமும் செவக்காதும்மா" என்றார் மாமா.

ஆலை மூடிப் பல காலமாகிறது. அங்கே இப்போது கல்யாண மண்டபம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அடுத்த வருஷத்து விஜயதசமி. முந்தின நாள் பூஜையில் அக்கா உலைக்கு, கிரேனுக்கு, காற்றுக்குழாய்க்குக்கூடப் பொட்டு வைத்தாள். லேடிலுக்கு மட்டும் வைக்கவில்லை. காலையில் எஃகு இறங்கியதும் மற்ற பெண்கள் எல்லாரும் கைகூப்பினார்கள். அக்கா கைகூப்பவில்லை.

"கும்பிடலையாக்கா?" என்றேன்.

"கும்பிட்டா கண்ணு மூடிக்கும்டா" என்றாள், லேடிலிலிருந்து பார்வையை எடுக்காமல்.