கொழும்பு மண்ணில் வந்த புழு

எனக்கு எழுத்துத் தெரியாது. வாயால் சொல்வதுதான் இது. இலங்கையில் சண்டை நடந்த வருஷங்கள். என் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் சரக்குத் தோணியில் சமையல்காரர். வீட்டில் ஒரு நாளும் அடுப்புப் பக்கம் வந்ததில்லை, அது வேறு கதை.

கடைசியாக வந்தபோது ஒரு பிஸ்கட் டின்னில் குரோட்டன்ஸ் செடி கொண்டுவந்தார். மஞ்சளும் சிவப்புமாக இலை. திரும்பப் போன தோணி பதினைந்து நாளில் வர வேண்டியது, இரண்டு மாதமாகியும் வரவில்லை. நான் கூட்டினேன், பெருக்கினேன், தின்றேன், படுத்தேன். உடம்பு தன்பாட்டுக்கு வேலை செய்தது.

ஒரு மழைநாள் காலை, டின் ஓரத்தில் ஒரு புழு. சாண் நீளம், முதுகில் கறுப்புக் கோடுகள், தலை மட்டும் விசிறி மாதிரி விரிந்திருந்தது. ஒரு மண்புழுவைச் சுற்றிப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, ஒம் மாப்பிள்ள செடி கொண்டாந்தாரா, பாம்புக்குட்டி கொண்டாந்தாரா?"

கேட்டுக்கொண்டே சிரட்டைச் சில்லால் அதை இரண்டாக நறுக்கிவிட்டாள்.

என் மாமியார் ஓடி வந்தார். தோணி கடலில் இருக்கும்வரை எங்கள் வீட்டில் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. எறும்பைக்கூட ஊதித்தான் விடுவோம்.

"நாசமாப் போறவளே, எம் புள்ள கடல்ல கெடக்கான், நீ இங்கன உயிரக் கொல்லுதியே!"

ஆனால் புழு சாகவில்லை. இரண்டு துண்டும் தனித்தனியாக நகர்ந்தன. மாமியாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"பாத்தியா, சாவல பாத்தியா!"

கொஞ்ச நாளில் வால் துண்டுக்கும் தலை முளைத்தது. மண் காயாமல் அவரே தினமும் தண்ணீர் தெளித்தார். வெகுகாலம் கழித்துப் படித்தவர் ஒருவர் சொன்னார், அது இலங்கைப் புழுவும் இல்லையாம். இன்னும் கிழக்கே எங்கோ பிறந்து, தொட்டி மண்ணோடு கப்பலேறி ஊர் ஊராகப் பரவியதாம்.

மூன்றாம் மாதம் ஒருநாள் மாமியார் துறைமுகம் வரை போய் விசாரித்துவிட்டு வந்தார். நேரே அடுப்படிக்குப் போய் ஒரு பிடி உப்பை அள்ளி வந்து, இரண்டு புழுக்கள் மீதும் கொட்டினார். அவை சுருண்டு கூழாகிப் போயின.

"அத்த, தோணி வாரதுக்கு முன்ன..." என்றேன்.

"தோணி கெடக்கட்டும்ளா. நீ போயி ஒலய வையி."

இனிக் கொன்றாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டது எனக்கு விளங்கியது. துறைமுகத்தில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அழுகை வரவில்லை. உள்ளே போய் உலை வைத்தேன்.