குளத்தில் கரையாத பிள்ளையார்

எட்டு வருஷமாக, வேலைக்குப் போக அனுமதியில்லாத எச்-ஃபோர் விசாவில் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே உத்தியோகம் ஞாயிற்றுக்கிழமை டூர் வழிகாட்டி. சம்பளம் கிடையாது. வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து இருபது நிமிஷ டிரைவில் நூறு வருஷப் பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. பீங்கான் குழாய் செய்து பணக்காரரான ஒருவர் கட்டியது. அவர் மனைவிக்குச் செடி கொடி என்றால் பைத்தியம். ரோஜாத் தோட்டம், செங்கல் மதில் போட்ட காய்கறித் தோட்டம், நடுவில் அல்லிக் குளம் என்று அந்த அம்மாள் போட்டுக்கொண்டே போயிருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஊர் மக்களுக்கென்று கவுண்டி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை வாரத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு நான் சொல்வேன். மற்ற ஆறு நாளும் நான் இன்னாரின் மனைவி, இன்னாளின் அம்மா. அந்த ஒரு மணி நேரம் மட்டும் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு நான் பேசுவேன், பன்னிரண்டு பேர் கேட்பார்கள். அது போய்விடக் கூடாதே என்று எப்போதும் ஒரு பயம். போனால் என் ஆங்கில உச்சரிப்பால்தான் போகும் என்று நினைத்திருந்தேன். பிள்ளையாரால் போகும் என்று யார் கண்டது?

அந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு இந்தியன் கடையில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பிள்ளையார் வாங்கினேன். களிமண்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வழக்கமாகப் பால்கனியில் பக்கெட் தண்ணீரில்தான் கரைப்போம். அந்தத் தடவை எனக்கு மனசு கேட்கவில்லை. கிரீன் கார்டு கொடு என்று மூன்று நாள் கொழுக்கட்டை வைத்துக் கெஞ்சிவிட்டு, அவரைக் கொண்டுபோய் பிளாஸ்டிக் பக்கெட்டில் போடுவதா?

"பக்கெட்ல ஒரு ஸ்பூன் மஞ்சள் போட்டா அதுவும் கங்கைதான். ஏன் தேவையில்லாம ரிஸ்க் எடுக்கற?" என்றார் கணவர்.

கேட்டேனா? தோட்டம் மூட அரை மணி இருக்கும்போது துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுபோய், அல்லி இலைகளுக்கு நடுவில் அவரை இறக்கிவிட்டேன். குளத்தின் சரித்திரம் முழுக்கத் தெரிந்தவளுக்கு, 'தண்ணீரில் எதையும் போடாதீர்கள்' என்ற பலகை மட்டும் அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் குளத்தில் ஒன்பது பொன்னிற மீன்கள் உண்டு. பிள்ளையார் மேலிருந்த வார்னிஷ் மீன்களுக்கு ஆகாவிட்டால்? அடுத்த ஐந்தாறு ஞாயிறும் டூரில் வாய் மாளிகைக் கதை சொல்லும், கண் மீன்களை எண்ணும். எட்டுதான் தெரிகிறது என்றால் எனக்கு வியர்த்துவிடும். ஒன்பதாவது மீன் எங்கிருந்தாவது தலை காட்டும்வரை குளக்கரையை விட்டு நகர மாட்டேன். பாவம், வந்தவர்களுக்கு அல்லிக் குளத்தைப் பற்றித் தேவைக்கு மேல் தெரிந்துபோயிற்று.

மீன்கள் பிழைத்தன. பிள்ளையாரும் பிழைத்ததுதான் வினை. அக்டோபர் கடைசியில், பனி விழுவதற்கு முன் சேறு எடுக்கக் குளத்தை வடித்தார்கள். தோட்டக்காரர் கையில் அவர் முழுசாகக் கிடைத்தார். களிமண்ணாவது ஒன்றாவது, சுத்தமான பிளாஸ்டர். வார்னிஷ் போய், தும்பிக்கை நுனி உடைந்து, சேறு ஏறி, நூறு வருஷத்துக் களையோடு இருந்தார்.

மாளிகையின் பொறுப்பாளர் எழுபதை நெருங்கிய ஒரு வெள்ளைக்கார அம்மாள். என்னைத்தான் கூப்பிட்டார், அங்கே வேறு இந்தியர் யார் இருக்கிறார்கள்? இது என்ன என்று கேட்டார். "கணேஷ். எங்கள் கடவுள்," என்றேன். மாளிகை கட்டியவர் ஒருமுறை கப்பலில் கிழக்கே போயிருக்கிறாரே, அவர் கொண்டுவந்ததாக இருக்குமோ என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். "இருக்கலாம்," என்றேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் லேப்டாப்பை மூடிவிட்டார். "வாயத் திறக்காத. கிரீன் கார்டு இன்டர்வியூ லெட்டர் எப்ப வேணா வரும். இந்த நேரத்துல நீ பார்க்ல குப்பை டம்ப் பண்ணினேன்னு எவனாவது கம்ப்ளெயின்ட் பண்ணா என்ன ஆகும்னு தெரியுமா?" தெரியாது. அவருக்கும் தெரியாது. அதனால்தான் இரண்டு பேருக்கும் அவ்வளவு பயம்.

இரண்டு வாரத்தில் பிள்ளையார் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டார். 'தோட்டத்துக் குளத்தில் கிடைத்தது. இம்மாளிகையைக் கட்டியவர் கிழக்கத்திய நாடுகளிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம்' என்று அட்டை வைத்தார்கள். டூரில் கடைசி நிறுத்தம் அதுதான். நீ சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்றார் பொறுப்பாளர். சொன்னேன். வெட்கக்கேடு, நன்றாகவே சொன்னேன். வாட்ஸப் குரூப்புகளில் செய்தி பரவி நம் ஊர்க் குடும்பங்கள் வர ஆரம்பித்தன.

ஒரு ஞாயிறு, மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அங்கிள் மங்கி கேப்போடு வந்தார். நான் சொன்னதை மகன் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "அப்பவே இங்க வந்துட்டாராம்மா இவரு?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு மூன்று தோப்புக்கரணம் போட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பையன் இங்க தனியா கெடக்கறானேன்னு எனக்கு ஒரே கவலைம்மா. இவரு நூறு வருஷம் முந்தியே வந்து உக்காந்திருக்காரு. இனிமே நிம்மதியா ஊருக்குப் போவேன்."

ரெஸ்ட்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மனுஷர் காது இரண்டையும் பிடித்துக்கொண்டு கும்பிட்டது என் பொய்யை. இதற்கு மேல் என்னால் முடியாது என்று பொறுப்பாளர் அறைக்குப் போய், பக்கெட்டிலிருந்து துப்பட்டா வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சிலையின் அடியில் கம்பெனி அச்சு நம்பர் இருக்கிறது, அது புதுசு என்று சேற்றைக் கழுவிய அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றார் அவர்.

"தெரிந்துமா அட்டை வைத்தீர்கள்?"

'இருக்கலாம்' என்றுதானே போட்டிருக்கிறோம் என்றார். அந்தச் சொல்லே நீ கொடுத்ததுதான் என்றார். கூட்டம் வருகிறது, உன் ஆட்களும் சந்தோஷமாகப் போகிறார்கள், நீ பாட்டுக்குச் சொல், நன்றாகச் சொல்கிறாய் என்று புன்னகையோடு எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"பாத்தியா, அவங்களே விட்டுட்டாங்க. நீயும் விடு," என்றார் கணவர். அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. பயந்த எதுவும் நடக்கவில்லை, பேட்ஜ் பத்திரமாக இருந்தது. ஆனால் இனி ஒவ்வொரு ஞாயிறும் தெரிந்தே சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேர். கண்ணாடிப் பெட்டியருகே வந்ததும், பொறுப்பாளரும் வாசலோரம் வந்து நின்றுகொண்டார். நான் அட்டையில் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தேன். கூட்டத்தில் புடவை கட்டிய ஒரு ஆன்ட்டி குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஆன்ட்டி, கழட்டாதீங்க," என்றேன் தமிழில். பிறகு எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். இது என் வீட்டுப் பிள்ளையார். போன செப்டம்பரில் நான்தான் அந்தக் குளத்தில் போட்டேன். கரையும் என்று நினைத்துப் போட்டேன்.

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் நான் ஏதோ ஜோக் சொல்வதாக நினைத்து, மீதிக் கதைக்காகக் காத்திருந்தார்கள். வாசலில் நின்றவர் போய்விட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பொறுப்பாளரிடமிருந்து ஈமெயில் வந்தது. இதுவரை செய்த சேவைக்கு மிக்க நன்றி, இந்த சீசனுக்கு வழிகாட்டிகள் போதுமான அளவு இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பேட்ஜைத் தபாலில் அனுப்பினால் போதும். நேரில் வர வேண்டாமாம்.